கொடுக்க அதிகாரமில்லாத சாவி

இதை எழுத நான் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியது மளிகைச் சாமான்களின் பெயர்கள்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிற சுபாவம். போக்குவரத்துக் காவலருக்கு எதுவரை அதிகாரம் என்பதெல்லாம் வக்கீல்கள் எழுத வேண்டிய சமாசாரம். அவர்கள் வண்டிச் சாவியை யாரும் பிடுங்குவதில்லை போலிருக்கிறது, அதனால் எழுதவில்லை. படித்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் பட்டு நெய்கிறவர். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் ஊர் பற்றி எரிந்தாலும் புகை வந்த பிறகுதான் எழுந்திருப்பார். வெளிவேலை எல்லாம் நானும் என் ஸ்கூட்டியும். சாயப் பட்டறை, ஜரிகைக் கடை, மருந்துக் கடை என்று போகிற வழியில் ஊரின் எல்லா முனைகளிலும் காவலர்கள் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என் கொழுந்தனார் இருந்தார். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். சாதத்தில் ரசம் விழுந்ததும் சட்டம் ஆரம்பித்துவிடும்.

"அண்ணி, நல்லா கேட்டுக்கோங்க. கான்ஸ்டபிள் வண்டிய நிறுத்தலாம். லைசென்ஸ் கேக்கலாம், கேட்டா காட்டணும், அது நம்ம கடமை. ஆனா சாவிய புடுங்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் எடம் இல்ல. ஃபைன் போடணும்னா எஸ்.எஸ்.ஐ.யாவது இருக்கணும். ரசீது இல்லாம பைசா குடுக்கக் கூடாது. 'எந்தப் பிரிவுல சார் சாவிய எடுக்கறீங்க'ன்னு கேளுங்க. ஆடிப் பூடுவாங்க."

"நீ கேட்டுக்கிறியாடா?" என்று தறியிலிருந்து என் கணவரின் குரல் வரும்.

"நம்மகிட்ட எவன்ணா வருவான்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை என்று பிற்பாடு தெரிந்தது.

நான் அந்தக் கேள்வியைச் சமையலறையில் சொல்லிப் பழகினேன். எந்தப் பிரிவில் சார். எந்தப் பிரிவில் சார். குக்கர் முன்னால் சொல்லும்போது சரளமாக வந்தது.

சம்பவம் நடந்த நாளில் ஊரில் திருவிழா நெருங்கியிருந்தது. திருவிழா வந்தால் எங்கள் ஊரில் சாமி ஒரு பக்கம் புறப்படும், பேரிகேடுகள் ஒரு பக்கம் புறப்படும், நன்கொடைக்காரர்கள் ஒரு பக்கம் புறப்படுவார்கள். நன்கொடைக்காரர்களுக்கு என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் உள்ளே நெய்துகொண்டிருப்பார், நான் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். தறியில் நாடா குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்குமே என்று கேட்டேன். இந்தத் தெருவில் எந்த வீட்டுச் சத்தம் எதுவென்று எவனுக்குத் தெரியும் என்றார். வரிசை வீடு, பின்பக்கம் கதவு கிடையாது. மாற்றுச் சாவி பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி, வீட்டுச் சாவி, ஸ்கூட்டிச் சாவி மூன்றும் ஒரே கொத்தில். தொலைந்தால் எல்லாம் ஒன்றாகத் தொலையும், தேடுவது சுலபம் என்று நான்தான் அப்படிப் போட்டு வைத்திருந்தேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அன்றைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டார். நான் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினேன். அடுப்பு இரண்டு முறை மூச்சு வாங்கிவிட்டு அணைந்தது. சிலிண்டர் காலி.

"மெஸ்ஸுல வாங்கியாந்துடறேன், இருங்க," என்றேன்.

"பூட்டிக்கினு போமே. நேத்தே ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போனானுங்க."

பூட்டினேன். ஹெல்மெட் போட்டேன். போனையும் லைசென்ஸையும் வழக்கம்போல் சீட்டுக்கு அடியில் டிக்கியில் வைத்தேன். மெஸ்ஸில் இட்லியும் சாம்பாரும் கட்டிக் கொடுத்தார்கள், முன்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு நான் எப்போதும் வருகிற தெருவில் திரும்பினேன்.

அந்தத் தெரு அன்று விடிந்தபோது ஒருவழிப் பாதையாக மாறியிருந்தது. அறிவிப்புப் பலகை இல்லாமல் இல்லை. அதன் மேல் ஒரு குழந்தையின் காதுகுத்து விழா பேனர் கட்டியிருந்தது. குழந்தை எல்லோரையும் உள்ளே வரச்சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. காவலர் தெருமுனையில் நிற்கவில்லை. நின்றால் வழி தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அப்புறம் பிடிப்பதற்கு ஆள் இருக்காது. அவர் தெருவின் பாதியில், ஒரு நகைக்கடையின் நிழலில் நின்றிருந்தார். கையைக் காட்டினார். நான் நிறுத்திக் காலை ஊன்றுவதற்குள் சாவி அவர் கையில் இருந்தது. அவ்வளவு லாவகமாக என் கணவருக்குக்கூட நாடா கை மாறாது.

"ஒன்வேமா. படிக்கத் தெரியாதா?"

எந்தப் பிரிவில் சார் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். "சார்" மட்டும் வந்தது.

"லைசென்ஸ் எடு."

"டிக்கியில இருக்குது சார்."

"தெறந்து எடு."

"சாவி உங்ககிட்ட இருக்குது சார்."

அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாவிய குடுத்தா நீ வண்டிய எடுத்துக்கினு போயிடுவ," என்றார்.

"போக மாட்டேன் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறேன்னு எழுதிடுவேன், பாத்துக்கோ."

பேரிகேடின் கம்பியில் ஏற்கெனவே பல சாவிகள் தொங்கின. என்னுடையதையும் மாட்டினார். எங்கள் வீடும் பீரோவும் அந்தக் கம்பியில் ஆடின. ஓரமாக நின்ற மற்ற வண்டிக்காரர்கள் கோயில் வரிசையில் நிற்கிற பொறுமையோடு நின்றார்கள்.

ஃபைனைப் போடுங்கள், கட்டிவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லையாம். மெஷின் எஸ்.எஸ்.ஐ.யிடம் இருக்கிறதாம். எஸ்.எஸ்.ஐ. யாரோ பெரிய மனிதர் தரிசனத்துக்கு வருகிறார் என்று காருக்கு முன்னால் போயிருக்கிறாராம். அப்படியானால் சாவியைக் கொடுங்கள் என்றேன். அதற்கும் அதிகாரம் இல்லையாம். எடுப்பதற்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு அதிகாரம் வந்திருந்தது. கொழுந்தனார் சொன்ன சட்டத்தில் பாதியை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சார், என் வீட்டுக்காரர உள்ள வச்சிப் பூட்டிட்டு வந்திருக்கேன். சுகர் ஊசி போட்டுக்கினாரு. சாப்பாடு என்கிட்ட இருக்குது."

அவர் என்னை அலுப்போடு பார்த்தார். "காலைலேர்ந்து மூணு பேருக்குப் பிரசவம், ரெண்டு பேருக்குச் சாவு. இப்ப நீ புருஷனப் பூட்டி வச்சிட்டு வந்துக்கிற."

"வீட்டுச் சாவிய மட்டுமாவது கழட்டிக் குடுங்க சார்."

அதை அவர் உண்மையாகவே யோசித்தார். "கொத்துலேர்ந்து கழட்டக் கூடாதுமா. எப்படி எடுத்தமோ அப்படியே ஒப்படைக்கணும். நாளைக்கு ஒண்ணு கொறையுதுன்னு நீயே சொல்லுவ."

அந்த நேரத்தில் நான் வந்த பக்கமிருந்தே என் கொழுந்தனாரின் ஆட்டோ வந்தது. அதுவும் ஒருவழிப் பாதையின் தப்பான முனையிலிருந்துதான் வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, டிரைவர் சீட்டிலேயே அவருக்கு இரண்டு பக்கமும் ஆள். எனக்கு உயிர் வந்தது. சட்டமே மூன்று சக்கரத்தில் வருகிறது என்று கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு காவலர் பக்கம் திரும்பி, "வணக்கம் சார், டீ சாப்டீங்களா?" என்றார். காவலர் போ போ என்று கையசைத்தார். ஆட்டோ போய்விட்டது.

அப்போது என் வண்டி மணி அடித்தது. டிக்கிக்குள் இருந்த போன்.

"ஏம்மா, உன் வண்டி கூப்புடுது," என்றார் காவலர்.

அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நெய்துகொண்டிருக்கும்போது என் கணவர் யாருக்கும் போன் செய்கிற ஆள் இல்லை. மூன்றாவது முறை அடித்தபோது நான் இட்லிப் பொட்டலத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன். "ஏம்மா, வண்டி?" என்று பின்னால் குரல் கேட்டது. வண்டி எங்கே போகும், அதன் சாவிதான் அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறதே.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓடியிருக்கிறேன். வழியில் ஒருத்தி சிரித்த பிறகுதான் தெரிந்தது.

தறி இருக்கும் அறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. எட்டிப் பார்த்தேன். அவர் குழியிலிருந்து காலை எடுத்திருந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. தறி மரத்தில் தலையைச் சாய்த்திருந்தார். முதுகெல்லாம் வேர்வை. போன் மடியில் கிடந்தது. கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தவருக்கு நான் யார் என்று சட்டென்று பிடிபடவில்லை.

"சக்கரை டப்பா எங்கமே?" என்றார், நாக்கு குழற.

அதை ஒளித்து வைத்தவள் நான்தான். திருட்டுத்தனமாகக் காபியில் போட்டுக்கொள்கிறார் என்று பரணில் அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளியிருந்தேன். ஏணி வைத்து ஏறுகிற நிலையிலா இருந்தார்.

"ஜன்னலாண்ட வாங்க. உக்காந்துக்கினே வாங்க."

தவழ்ந்துதான் வந்தார். கம்பிகளுக்கு நடுவே இட்லி முழுசாகப் போகவில்லை. பிய்த்துப் பிய்த்து வாயில் ஊட்டினேன். பாதி ஜன்னல் கட்டையில் விழுந்தது. எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டு ஓடி, டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் கம்பிக்குள் போகவில்லை, கரண்டியால் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் ஆள் திரும்பி வந்தார். "சட்னி இல்லியா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் தெருவிலேயே உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, அண்ணன ஜெயில்ல போட்டுட்டியா?" என்றாள் எதிர்வீட்டம்மா.

"நான் போடல. தெருவுல நிக்கிற போலீசுதான் போட்டுச்சு."

கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் ரசீதுப் புத்தகத்தோடு நின்றிருந்தார்கள் நன்கொடைக்காரர்கள். பூட்டைப் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள்.

"ஊர்ல இல்லன்னு நெனச்சோம்ணா," என்றார் ஒருவர், மிகவும் மரியாதையாக.

என் கணவர் வாயில் இருந்த இட்லியை முழுங்கிவிட்டு, "இப்பதான் வந்தேன்," என்றார். பூட்டின வீட்டுக்குள் எந்த வழியாக என்று யாரும் கேட்கவில்லை. ரசீது கம்பி வழியாகச் சுலபமாகப் போயிற்று.

எதிர்வீட்டம்மாவை ஜன்னல் அருகே உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். காவலர் ஒரு ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு அதில் ஈரமில்லை.

"எந்தப் பிரிவுல சார் சாவிய எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

மெதுவாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர் "இன்னா?" என்றதும் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஆடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "எந்தப் பிரிவும் இல்லமா. எடுக்கலன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான். போன மாசம் இந்தக் கால் மேல ஏத்திக்கினு பூட்டான் ஒருத்தன்," என்று பாதத்தைக் காட்டினார். வீங்கித்தான் இருந்தது. பிறகு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் சாப்ட்டாரா?" என்றார்.

"சாப்ட்டாரு."

"உக்காரு. சார் வந்துடுவாரு."

சார் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கம்பியில் தொங்கிய சாவிகளைப் பார்த்து, "யோவ், சாவிய எல்லாம் எடுக்காதன்னு எத்தினி தரம் சொல்றது? எவனாவது வீடியோ எடுத்துப் போட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றார். காவலர் "சரிங்க சார்" என்று ஷூவை மாட்டிக்கொண்டார். யாரும் வீடியோ எடுக்கவில்லை, சாவி எடுத்தது அதனால் தப்பில்லாமல் போயிற்று. டிக்கியைத் திறந்து லைசென்ஸைக் காட்டினேன். ஒருவழிப் பாதையில் வந்ததற்கு மெஷின் ரசீதைத் துப்பியது. அன்றைக்கு எனக்குச் சட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான். கட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடுகிற நாள் இல்லை.

"பாசஞ்சர் இருந்தாங்க அண்ணி. இல்லன்னா எறங்கி ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். நான் சொல்லிக் குடுத்தத கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"எந்தப் பிரிவும் இல்லன்னு சொன்னாரு."

"பாத்தீங்களா," என்றார் அவர், வெற்றியோடு.

மெஸ்ஸில் வாங்கி வந்த ரசத்தை அவருக்கு ஊற்றினேன்.

மறுநாள் காலையில் பேரிகேடைக் காணோம், தெரு இருவழியாகியிருந்தது. நான் வீட்டைப் பூட்டாமல் கேஸ் ஏஜென்சிக்குப் போய் வந்தேன்.