தாய்மாமன் மடி

வேடசந்தூருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டியிருக்கும் என் சம்பந்தியின் குலதெய்வக் கோயிலில் பேத்திக்குக் காது குத்தினார்கள். மூன்று கிடா வெட்டினார்கள். மூன்றாவது ஒரே வெட்டில் விழவில்லை. தலை தொங்கியபடி நான்கடி ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விழுந்தது. நான் அதற்கு முன்பே பயந்துகொண்டுதான் இருந்தேன்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன். போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனிடம் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று சம்பந்தி வீட்டில் பாதிப் பேர். "எந்தம்பி மடி இல்லன்னா காதே குத்த வேணாம்" என்று என் மகள். அவன் கை நடுங்கினால் என்ன ஆகும், ஊசியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று வேனில் வந்த வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அவன் ஆறு வயதில் சினிமாவில் நடிக்கப் போனவன். மொத்தம் ஏழு படங்கள். ஏழிலும் அழுதான். திண்டுக்கல் தியேட்டரில், திரையில் அவன் அழும்போது பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். மீசை அரும்பியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சென்னையில் வாய்ப்புக் கேட்டு சினிமா கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, முப்பது வயதுக்கு மேல் ஊர் திரும்பியபோது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்தோடு வந்தான். மாத்திரை கிடைக்காத நாளில் வீடு ரணகளம். குழவிக் கல்லால் டிவியை உடைத்தான். குறுக்கே போன என் இடது கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முகத்தில் குத்தியதில் இரண்டு பற்கள் போயின. அதன்பின் என் பிரஷர் மாத்திரை உட்பட வீட்டிலிருந்த ஒவ்வொரு மாத்திரையையும் காலையும் மாலையும் எண்ணிப் பூட்டினேன். அவன் முன்னால்தான் எண்ணுவேன். அவனுக்கு அது செருப்படி என்று எனக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

சம்பந்தி நூல் மில்காரர், வெள்ளந்தி. வீட்டார் வாயை அடைக்கவும் தாய்மாமனுக்கு மரியாதை செய்யவும் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கோயில் வாசலில் கட்டியிருந்தார். அதில் என் மகன் ஆறு வயதில், முன்பல் இல்லாமல், கன்னமெல்லாம் கண்ணீராக. 'குழந்தை நட்சத்திரமே, வருக!'

"எப்புடி இருக்கு அப்பு? தாய்மாமன்னா ஒரு கெத்து வேணும்ல!" என்றார் என் மகனிடம்.

மகன் அண்ணாந்து அதையே பார்த்தான்.

"ஏலே, அந்த அழுகைய ஒருக்கா அழுது காட்டேன். கறி வேகுற வரைக்கும் பொழுது போகும்" என்றான் சம்பந்தியின் பங்காளி ஒருவன்.

"மாத்திர போட்டாத்தான் அழுக வரும்போல" என்றான் பக்கத்தில் இருந்தவன். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள்.

கிடா வெட்டிய அரிவாள் ஈரத்தோடு கல்லில் சாய்ந்திருந்தது. மகன் அதை எடுத்தான். ஆட்கள் சிதறி ஓடினார்கள். அவன் யார் பக்கமும் திரும்பவில்லை. ஃப்ளெக்ஸில் இருந்த முகத்தை வெட்டினான். நான்கு வெட்டு. சவுக்குக் கம்பு முறிந்து மொத்தமும் சரிந்தது. அரிவாளைக் கீழே போட்டான். அதை நான் பார்த்தேன், மற்றவர்கள் பார்க்கவில்லை.

"போதையில இருக்கான், புடிங்கடா!"

ஐந்து பேர் பாய்ந்தார்கள். விறகுக் கட்டையால் அடித்தார்கள், விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். சம்பந்தியும் கட்டை எடுத்தார். அவர் அடியில்தான் புருவம் பிளந்தது. "கீழ போட்டுட்டான், விடுங்கய்யா!" என்று கத்தினேன். என் குரல் யாருக்கும் எட்டவில்லை. என் கையை முறித்த கைகள் திருப்பி அடிக்கவில்லை. தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தன. மகள் ஓடிவந்து தம்பிமேல் விழுந்த பிறகுதான் கட்டைகள் நின்றன.

ரத்தத்தைப் பார்த்ததும் சம்பந்திக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாம அடிச்சுப்புட்டேன் அப்பு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். "ரெண்டு போடு. மில்லுல முதுகு வலிக்கு நான் போடுறதுதான். செத்த நேரத்துல வலி பறந்துரும்."

அவன் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்த அதே மாத்திரை. நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மகன் அதைப் பார்த்தான். கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அப்பா, எண்ணுங்க."

"என்னடா?"

"வீட்டுல எண்ணுவீகள்ல, அது மாதிரி. எல்லாருக்கும் கேக்க எண்ணி அவருகிட்டயே குடுங்க. சீக்கிரம்ப்பா."

அட்டையை இழுத்தேன், வரவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சத்தமாக எண்ணினேன். எட்டு. சம்பந்தியிடம் நீட்டினேன். என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு மெல்லப் புரிந்தது. கறி வெந்துகொண்டிருந்த அடுப்புக்குள் அதை வீசினார்.

மகள் துண்டைக் கிழித்துப் புருவத்தில் கட்டினாள். அவன் விலாவைப் பிடித்தபடி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பேத்தியை மடியில் வைத்தார்கள். இம்முறை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசாரி ஊசியை எடுத்தார். மகன் ஊசியைப் பார்க்காமல் பிள்ளையின் உச்சந்தலையில் தாடையை அழுத்திக்கொண்டான். குத்தியதும் அவள் அலறி, அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்தது.

"கடி தாயி. நல்லாக் கடி."

அழச் சொன்ன பங்காளி படம் பிடிக்க செல்போனைத் தூக்கினான். மகள் ஓங்கி அடித்ததில் அது அடுப்படிச் சாம்பலில் போய் விழுந்தது.

"ஒரு காதுதான் முடிஞ்சிருக்கு தம்பி" என்றார் ஆசாரி. "தாங்குவீகளா?"

மகன் பிள்ளையை மெதுவாகத் திருப்பி, அடுத்த காதை அவர் பக்கம் காட்டினான்.