கட்டின் அடியில் கலங்கிய நீர்

எங்கள் வீட்டுக்கும் குளக்கட்டுக்கும் நடுவில் ஒரேயொரு காணிதான். அதில் ஓர் அக்கா தனியாக இருந்தார். மலையகத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி, சிறுமியாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். கோடையில் ஊர்க்கிணறுகள் வற்றிப்போனாலும் அவருடைய காணி ஈரமாகவே இருக்கும். கட்டின் அடியிலிருந்து தெளிந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. அதை வாய்க்கால் வெட்டிக் கீரைப் பாத்திக்கு விட்டிருந்தார். கட்டு கசிகிறது என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. அக்காவின் கைராசி என்றுதான் சொன்னோம்.

கட்டோ பழையது. சண்டைக் காலத்தில் அதைப் பார்ப்பதற்கு ஆளில்லை. மீளக்குடியேறிய பிறகு மேலே கிரவல் மண் பரப்பிப் பாதையாக்கினார்கள். சரிவில் மரங்கள் பெருத்து வேரோடின. ஊர்கூடிச் செய்யும் சிரமதானம் என்றால் பாதையோரப் புல்லைச் செருக்கிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவோம். குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோட ஒரு சீமெந்து வான் இருக்கிறது. அதன்மேல் மண்மூட்டை அடுக்கி இன்னும் ஒரு முழத் தண்ணீரை மறித்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு முழம் இருந்தால்தான் கோடையில் சிறுபோகத்துக்கும் விதைக்கலாம். மூட்டை அடுக்குவதில் என் கணவர்தான் முன்னுக்கு நிற்பார்.

ஒரு மார்கழியில் மழை விடாமல் பெய்து குளம் முட்டி நின்றது. காலையில் கீரை பிடுங்க அக்காவின் காணிக்குப் போனேன். வாய்க்கால் நீர் பால்தேநீர் நிறத்தில் ஓடியது.

"மழைத் தண்ணி கலந்திருக்கும் தங்கச்சி," என்றார் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கட்டின் அடியில் நீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய மணல், எறும்புப் புற்றுப் போல வட்டமாகக் குவிந்திருந்தது. குனிந்து கையை வைத்தேன். விரல்களில் மண் நறநறத்தது. அங்கேயே நின்று விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

அவர் சொல்லி, நீர்ப்பாசனப் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். வயதில் சிறிய பெண். சேற்றில் இறங்கிப் பார்த்தவர் முகம் மாறி நிமிர்ந்தார்.

"குளத்தில தண்ணியைக் குறைக்க வேணும். துருசைத் திறவுங்கோ. வானில இருக்கிற மூட்டையளையும் இப்பவே எடுங்கோ."

துருசு, வயலுக்கு நீர் விடும் கதவு. அதன் திருகு துருவேறிக் கிடந்தது. நாலு பேர் தொங்கியும் கொஞ்சம் அசைந்து இறுகிவிட்டது. மிஞ்சியது வான்தான். வான் நீர் பாயும் வழியில் எங்கள் வயல்களும் இருந்தன. மழையில் நனைந்தபடி கட்டின்மேல் நின்றவர்கள் கொதித்தார்கள். பக்கத்து வயல்காரர் முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை, பயிர் குடலையில நிக்குது, கதிர் வாற நேரம். இப்ப தண்ணியை விட்டா எல்லாம் போச்சு. இது எப்பவும் கசியிறதுதானே?"

"கசியிறது வேற ஐயா. இப்ப தண்ணியோட மண் வருது. கட்டுக்குள்ள ஓட்டை பெருக்குது. எப்ப உடையும் எண்டு என்னால சொல்லேலாது."

என் கணவர் கட்டின்கீழே அக்காவின் கூரையையும், அதற்கப்பால் எங்கள் கூரையையும் பார்த்தபடி நின்றார். பிறகு, "நான்தானே அடுக்கினனான். நானே எடுக்கிறன்," என்று சொல்லி வானில் இறங்கினார். இன்னும் இரண்டு பேர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் அக்காவைக் கூப்பிட ஓடினேன். அவர் அடுப்படியில் இருந்து எழும்பவில்லை.

"நா எங்கன்னு போறது? ஓடி ஓடியே காலம் போச்சு. இதுக்கு மேல ஏலாது."

"பள்ளிக்கூடம் வரைக்கும்தான் அக்கா. நானும் உங்களோட வாறன். வாங்கோ."

கோழிக்கூட்டைத் தூக்கினால்தான் வருவேன் என்றார். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தோம்.

கட்டடியில் குமிழியிட்ட ஊற்றை அடைக்க வேண்டாம் என்று பொறியியலாளர் தடுத்துவிட்டார். அடைத்தால் வேறிடத்தால் பீறிடுமாம். அதைச் சுற்றி மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே மணலும் அதன்மேல் சல்லிக்கல்லும் கொட்டினார்கள். மண் உள்ளே தங்க, நீர் மட்டும் வெளியே வந்தது. மறுநாள் மத்தியானம் அது தெளிந்திருந்தது. கணவர் அந்தச் சேதியைப் போனில் சொன்னபோது நான் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் குந்தியிருந்து அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. கோழிக்கு அரிசி கேட்டார்.

கட்டு நின்றது. வயல் நிற்கவில்லை. குடலைப் பயிர் நீருக்குள் கிடந்து அழுகியது. குளத்தில் நீர் போதாமல் அந்த வருடம் சிறுபோகமும் இல்லை. பக்கத்து வயல்காரர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார்: "கட்டு உடைஞ்சதோ? உடையேல்லையே! சும்மா எங்கட வயலை அழிச்சுப்போட்டாங்கள்." உடையாத கட்டைக் காட்டி என்னத்தை நிரூபிப்பது? அதன்பிறகு அவர் எங்களோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

கட்டின் அடியை மண்போட்டு அகலப்படுத்த அக்காவின் காணி தேவைப்பட்டது. அவருக்கு றோட்டோரமாக வேறு காணி கொடுத்தார்கள். வீட்டின் தகரங்களைக் கழற்றிய அன்று நானும் நின்றேன்.

"ஒங்க மேல கோவம் இல்ல தங்கச்சி," என்றார், என் முகத்தைப் பாராமல். "நீங்க சொல்லாட்டி நா இன்னைக்கு இல்ல. இருந்தாலும் மனசு கேக்குதில்ல."

வேலை பாதியில் நிற்கிறது. கொட்டிய மண்ணில் புல் முளைத்துவிட்டது. பெரிய மரங்களை வேரோடு பிடுங்கினால் கட்டில் குழி விழும் என்பதால், அவற்றை என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கிறார்கள். மழை தொடங்கினால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்வதில்லை. போன கிழமை மழை கனத்த காலையில் கட்டுக்குப் போனேன். எதிரே பக்கத்து வயல்காரர் குடையோடு வந்தார். என்னைக் காணாதவர்போல் சரிவில் இறங்கி, ஊற்றருகே குந்தி, உள்ளங்கையில் நீரை அள்ளி விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையை உதறிவிட்டு வந்த வழியே போனார்.