ஆன்டி கேட்ட குங்குமம்

கோவிட் ஓய்ந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த சமயம் அது. பிரிக்பீல்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு அடுக்குமாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அந்த வீடு கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. போனில் பேரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்பார்கள். ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார். இந்தியர்களுக்குக் கொடுத்தால் எண்ணெய்க் கறையும் சாம்பிராணிப் புகையும் சுவரை விட்டுப் போகாதாம். கடைசியில் மறுபேச்சில்லாமல் கொடுத்தவர், சாலாக் செலாத்தானில் இருந்த ஒரு சீன ஆன்டி.

சாவி கொடுக்க வந்த அன்றே அவரைப் பயமுறுத்திவிட்டோம். வாசல் நிலையில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, நான் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்ததும் ஆன்டி "சூசு, சூசு" என்று பாலை மலாயில் சொல்லிப் பதறிக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடிவந்தார். என் கணவர் குறுக்கே நின்று, பால் பொங்கினால்தான் வீட்டில் எல்லாம் நிறையும் என்று மலாயில் விளக்கினார். ஆன்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீனர்கள் புது வீட்டுக்குள் போகும்போது வாசலில் அன்னாசிப்பழத்தை உருட்டிவிடுவார்களாம். "சேம் சேம் லா, தங்காச்சி" என்றவர், ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த வீட்டில் நான் ராணி மாதிரி இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கினால் பூக்கடை வாசனை, நாலு எட்டு வைத்தால் சுடச்சுட வடை. பேருக்குத்தான் வாடகை வீடு.

பிறகு கணவருக்குப் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை வந்தது. மழையோ வெயிலோ, லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தார். ஒரு நாள் முழங்கை தோலுரிந்து வந்து நின்றார். ரோடு வழுக்கிவிட்டதாம். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. லோரி உரசியதை நானே கேட்டு வாங்கினேன். அன்றே முடிவு செய்தேன், கிள்ளானுக்கே குடிபோய்விடுவது என்று.

ஆனால் ஒப்பந்தம் முடியப் பல மாதம் இருந்தது. பாதியில் காலி செய்தால் டெபாசிட் திரும்பி வராது. அது வந்தால்தான் கிள்ளானில் வீடு பிடிக்க முடியும். ஆன்டிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று போனில் ஒருவர் சொன்ன கறையும் புகையும்தான் காதில் ஒலித்தன. அடுப்படியைச் சுரண்டிக் கழுவினேன். சாமி மாடத்துக்கு மேலே படிந்திருந்த கரியின் மீது பெயிண்ட் அடித்தேன். கடைசியாக நாற்காலி போட்டு ஏறி, வாசல் நிலையில் இருந்த மஞ்சள் குங்குமத்தையும் தேய்த்து எடுத்தேன். "கொஞ்ச நேரம் நின்னா எனக்கும் பெயிண்ட் அடிச்சிருவ போல" என்றார் கணவர். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நாங்கள் அங்கே வாழ்ந்த சுவடே இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

ஆன்டி வந்தார். அடுப்படிப் பக்கம் போகவே இல்லை. வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மேரா மானா?" என்று கேட்டார். சிவப்பு எங்கே என்கிறார்.

"கழுவிட்டேன் ஆன்டி, சுத்தமா இருக்கட்டும்னு" என்றேன். அவர் முகம் வாடிப்போனது.

பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். தன் கணவர் இறந்துபோன பிறகு சாலாக் செலாத்தான் வீட்டை விற்றுவிட்டாராம். தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறாராம். எங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் இங்கேயே வந்துவிட நினைத்திருந்தாராம், எங்களைப் போகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையாம். டெபாசிட் பற்றி நான் இழுத்தபோது, அது உன்னுடையதுதானே என்று கையை வீசிவிட்டார். அவருடைய கவலையெல்லாம் வேறு. நாங்கள் சந்தோஷமாக இருந்த வீடு அப்படியே வேண்டுமாம், அந்தச் சிவப்போடு. தான் குடிவரும் அன்று நான்தான் பால் காய்ச்சித் தர வேண்டுமாம். நான் அழுதுவிட்டேன். ஒரு இடத்தில் கால் வைக்கவே தயங்கிப் பழகிய எனக்கு, அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பிய நாளும் அவர் வந்த நாளும் ஒன்றுதான். சாமான் ஏற்றிய லோரி கீழே காத்திருந்தது. மறுபடியும் நாற்காலி போட்டு ஏறி நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். ஆன்டி அன்னாசிப்பழத்தை உள்ளே உருட்டினார். பால் பொங்கி வழிந்தபோது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். விடைபெறும்போது இன்னொரு அன்னாசிப்பழத்தை என் கையில் திணித்தார். கிள்ளான் வீட்டில் அதை உருட்டியபோது நேராக அலமாரிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க என் கணவர் தரையில் படுத்துப் பட்ட அவஸ்தையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

இப்போதும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் அந்த மாடியை அண்ணாந்து பார்ப்பேன். கீழேயிருந்து வாசல் நிலை தெரியாது. ஆனாலும் நான் அழித்ததைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நினைக்கும்போது, இந்த ஊர் என் ஊர்தான் என்று மனம் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறது.