விறாந்துக்காரரின் குடை

இரத்தினபுரி கோர்ட்டிலிருந்து பிடிவிறாந்து என்ற கைது உத்தரவைக் கொண்டுவரும் அந்த ஒல்லி மனிதர், கொட்டும் மழையிலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசலில் குடையை மடக்கிவிடுவார். தோட்டத்துரையின் எல்லைக்குள் குடை பிடிக்கக்கூடாது. துரையின் உத்தரவில்லாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போகவும் கூடாது. பெண்டாட்டி பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டாதவனைப் பிடிக்க வந்தவர், ஆபீஸ் வாசலில் நனைந்துகொண்டு நிற்பார். அதற்குள் கங்காணி அவனை அடுத்த மலைக்கு அனுப்பியிருப்பான். கிளாக்கரான நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் வழக்குப் போட்டவளும் இடுப்பில் பிள்ளையோடு கூடவே வந்திருந்தாள்.

"கோர்ட்டு பெருசாங்க, தொர பெருசாங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"கோர்ட்டுதாம்மா பெருசு. ஆனா தொர சொன்னாத்தான் உள்ள போக முடியும்."

ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினார். வாசலைத் தாண்டியதும் குடையை விரித்துப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்தார். சட்டம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். அதுவும் பெல்மதுளைச் சந்தி வரைக்கும்.