நேர்த்திக்குச் சிவப்படித்த வால்வு

“வாழைக்குத் தண்ணி கட்டிற ஆக்களுக்குக் கப்பல்ல என்ன வேலை, பிள்ளை?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் கப்பலின் தலைமை எஞ்சினியர் என்னிடம் கேட்டது இது. அவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். ஊர் எது என்றார், வாழைக்குப் பேர்போன நீர்வேலி என்றேன். அதோடு விசாரணை முடிந்தது. என்ன படித்தாய், எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவில்லை.

அவர் கேட்காததை நான் இங்கே சொல்கிறேன். என் அப்பா பிறருடைய வாழைத்தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அம்மா பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு ஏறுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்த முதல் ஆள் நான். கொழும்பில் கப்பல் எஞ்சினியரிங் டிப்ளோமா படித்தேன். வகுப்பில் இரண்டே பெண்கள். முதலாவதாக வந்தது நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, விருப்பமும் இல்லை.

தீவுகளுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி ஓடும் சிறிய கப்பல் அது. வேலை செய்தவர்கள் எல்லோரும் குருநகர்க்காரர்கள், கத்தோலிக்கர்கள், ஒருவருக்கொருவர் மச்சான் முறை, கடலை விட்டால் வேறு உலகம் தெரியாதவர்கள். நான் கடலுக்குப் புதியவள், பெண், சைவக்காரி. எனக்கு ‘வாழைக்குட்டி’ என்று பெயர் வைத்தார்கள். தேநீர் ஊற்றும்போது என் கோப்பையை மட்டும் மறந்துபோவார்கள். மறதி இல்லை அது. எல்லாவற்றையும் நான் விழுங்கிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், அடுத்த நிலைத் தேர்வு எழுத எனக்குக் கடற்சேவைக் காலம் வேண்டும், அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் சீஃப். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தக் கப்பலில் தீயணைக்கும் தண்ணீருக்கு இரண்டு பம்புகள் இருந்தன. பெரியது எஞ்சின் அறைக்குள். மற்றது அவசர பம்ப். கப்பலின் மூக்குப் பக்கமான முன்னணியத்தில், ஒரு சிறிய அறையில் தனக்கென்று ஒரு டீசல் எஞ்சினோடு இருந்தது. இரண்டும் கடல் தண்ணீரை எடுத்து ஒரே நீளக் குழாய்க்குள் தள்ளும். தீ எஞ்சின் அறையில்தான் பிடித்ததென்றால் பெரிய பம்ப் பயன்படாது. அங்கே குழாயும் வெடித்திருக்கலாம். அப்போது முன்னணிய பம்பை ஓட்டினாலும் தண்ணீர் எல்லாம் அந்த வெடிப்பால் போய்விடும்; ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் எஞ்சின் அறைக்கு வெளியே, தளத்தில், குழாயின் நடுவில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். அதை மூடினால் எஞ்சின் அறைப் பக்கம் துண்டிக்கப்படும், மற்றப் பக்கத்துக்குத் தண்ணீர் முழு வேகத்தோடு வரும்.

தோட்டத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் அப்பாவும் உடைப்பில் மண் வெட்டிப் போட்டு மறிப்பார். இல்லையென்றால் கடைசிப் பாத்தி காய்ந்துபோகும். ஆனால் வால்வைப் பற்றி நான் தோட்டத்தில் படிக்கவில்லை, வகுப்பில் படித்தேன். கப்பலில் இந்த ஒப்புமையை ஒருவரிடமும் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் அவர்கள் சிரிப்பதற்கு நானே எடுத்துக் கொடுத்ததாகியிருக்கும்.

அந்த வால்வின் சக்கரம் பளபளவென்று சிவப்பாக இருந்தது. கப்பலில் அவ்வளவு அழகாக வேறு ஒன்றும் இல்லை. சக்கரத்தின் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பூமாலை கட்டியிருந்தார்கள். ஒரு நாள் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்றேன். அசையவில்லை. குனிந்து பார்த்தால், சுழல வேண்டிய ஸ்பின்டில் தண்டின் மேலும் அது உள்ளே இறங்கும் இடத்திலும் பெயின்ற் மெழுகுபோலக் கட்டியாக உறைந்திருந்தது. ஒரு வருடத்துப் பெயின்ற் அல்ல அது.

சீஃப்பிடம் சொன்னேன்.

“அது திறந்துதானே கிடக்கு?” என்றார். “திறந்து கிடந்தால் தண்ணி வரும். உதுகூடத் தெரியாமலோ படிச்சனீ?”

தளத்தில் வேலை செய்யும் வயதான ஒருவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், பிறகு தனியாக எனக்குக் கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் இதே கப்பலில் எஞ்சின் அறை தீப்பிடித்ததாம். சீஃப் வலது கை வெந்த நிலையில் வெளியே ஓடிவந்து, இதே வால்வை இடது கையால் மூடினாராம். முன்னணிய பம்பிலிருந்து வந்த தண்ணீரால்தான் கப்பலும் ஆட்களும் தப்பினார்கள். அன்றைக்கே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாராம்: ஒவ்வொரு வருடமும் தீவுக் கோயில் பெருநாளுக்கு முன் அந்த வால்வுக்குத் தன் கையாலேயே சிவப்பு அடிப்பதென்று. பெருநாளுக்குச் சனங்களை ஏற்றிப்போவது எங்கள் கப்பல். முழுக் கப்பலுக்கும் மற்றவர்கள் பெயின்ற் அடிப்பார்கள். வால்வுக்கு மட்டும் சீஃப். வேறு எவரும் அதில் கை வைப்பதில்லை.

“நீயும் வைக்காதை, தங்கச்சி,” என்றார் அண்ணை.

இந்தக் கதையைக் கேட்டதும் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். இளகவில்லை. கோபம்தான் கூடியது. ஒன்றும் தெரியாதவர் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவர் அந்த வால்வின் பயனைத் தன் தோலில் அறிந்தவர். அறிந்தும், நன்றி சொல்கிறேன் என்று வருடாவருடம் அதைப் பூசிப் பூசி அடைத்திருக்கிறார்.

தீயணைப்புப் பயிற்சி மாதம் தவறாமல் நடந்தது. ஆனால் எப்போதும் பெரிய பம்பை ஓட்டித்தான். ஹோஸ் பைப்பால் தண்ணீர் கடலுக்குப் பாயும், துறையில் நிற்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், எல்லோரும் திருப்தியாகக் கலைவார்கள். ஒருமுறை சீஃப் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தபோது நான் முன்னணிய பம்பை ஓட்டினேன். குழாய் வெடித்தது போலவே இருக்கட்டும் என்று எஞ்சின் அறைக்குள் அதே குழாயில் இருந்த தண்ணீர் வாயைத் திறந்துவிட்டேன். தளத்தில் ஒருவன் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் வாயிலிருந்து தண்ணீர் அவன் காலடியில் ஒழுகியது. எஞ்சின் அறைக்குள்ளோ கொட்டு கொட்டென்று கொட்டியது.

“வாழைக்குட்டிக்கு மூத்திரம் போகுது,” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஹோஸ் பைப்பைப் பிடித்திருந்தவன்கூடச் சிரித்தான். தீ பிடித்தால் முதலில் சாகப்போகிறவன் அவன்தான் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அண்ணை மட்டும் சிரிக்காமல் அந்த ஒழுகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீஃப் வந்ததும் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் விட்டேன் என்றுதான் அவருக்குச் சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“வாற ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து நான் அதுக்குச் சிவப்படிப்பன்,” என்றார். “அதுக்குக் கிட்டவும் போகாதை. போனியோ, என்ரை கையெழுத்து உனக்கு இல்லை. திரும்பிப் போய் வாழைக்குத் தண்ணியைக் கட்டு.”

“பெருநாளுக்கு ஏத்திற சனத்துக்கு ஆர் பொறுப்பு, சீஃப்?”

“அந்தோனியார்.”

பகிடிக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. அந்த ஞாயிறு காலை எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார்கள். கட்டியிருக்கும் கப்பலுக்கு ஒருவர் காவல் வேண்டும். பூசைக்குப் போகாத ஒரே ஆள் நான் என்பதால் ஞாயிற்றுக் காவல் எப்போதும் எனக்குத்தான். அதையும் ஒரு தண்டனையாகத்தான் தந்திருந்தார்கள்.

முதலில் இரண்டு தூள் தீயணைப்பான்களைக் கொண்டுவந்து எஞ்சின் அறை வாசலில் வைத்தேன். குழாய்க்குத் தண்ணீர் வராதபடி இரண்டு பம்புகளின் பக்கத்தையும் அடைத்தேன். பிறகு பூமாலையை அவிழ்த்து ஒழுங்காக மடித்து வைத்தேன். பெயின்றைச் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே சிவப்பு. துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, பெரிய ஸ்பானர் போட்டுத் திருப்பினேன். ஸ்பின்டில் சுழலவில்லை; முறிந்தது. முறியும் என்றுதான் நினைத்திருந்தேன். மேல்மூடியின் நட்டுகளை உளியால் தட்டிக் கழற்றி உள்ளே பார்த்தபோது, தண்ணீரை மறிக்க வேண்டிய கதவு பாதி அரித்துப்போய் இருந்தது. வெளியில் இத்தனை சிவப்பு. உள்ளே மூடுவதற்கு ஒன்றுமே இல்லை.

கழற்றியவற்றை ஒரு சாக்கை விரித்து அதில் வரிசையாக வைத்தேன். வால்வு இருந்த இடத்தில் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இனி அதன் மேல் பெயின்ற் அடித்து எவரும் மறைக்க முடியாது.

சீஃப் பூசை முடிந்து நேராக வந்தார். ஒரு கையில் சிவப்புப் பெயின்ற் ரின், மறு கையில் புதுத் தூரிகை. பின்னால் மற்றவர்கள். சாக்கைப் பார்த்தார். மடித்து வைத்திருந்த மாலையைப் பார்த்தார். அரித்த கதவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வெந்த தழும்பு மணிக்கட்டுவரை தெரிந்தது.

“பூட்டு,” என்றார். “எப்பிடிக் கழட்டினியோ அப்பிடியே திருப்பிப் பூட்டு. பூட்டினால் கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம்.”

அவர் எனக்கு எதையாவது தருவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“பூட்ட ஏலாது, சீஃப்,” என்றேன். “ஸ்பின்டில் இல்லை.”

அவர் குனிந்து சாக்கில் தேடினார். முறிந்த ஸ்பின்டிலின் இரண்டு துண்டுகளையும் கதவை அளவெடுத்து வரைந்த படத்தையும் பேப்பரில் சுற்றி, துறைமுகப்பில் நின்ற பஸ்ஸின் கொண்டக்டரிடம் நான் கொடுத்து வெகுநேரமாகியிருந்தது. அவர்கள் பூசையில் முழந்தாளில் இருந்தபோதே அந்தப் பஸ் யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் பண்ணைப் பாலத்தைத் தாண்டிவிட்டது. இரண்டையும் பித்தளையில் புதிதாகக் கடைந்து புதன்கிழமை தருவதாக யாழ்ப்பாணத்து லேத் பட்டறைக்காரர் போனில் எனக்குச் சொல்லியும் விட்டார்.