ரசமட்டம் வைத்த பம்பர்

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. புதிதாக அடைத்த கடைவாய்ப் பல்லைச் சின்னச் சக்கரம் ஒன்றால் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். கீஈ என்று மெல்லிய கூவல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சூடேறிக் கருகிய ஒரு நெடி. நாமக்கல்லில் ஒரு மாடியறையில், கழுத்தில் பச்சைத் துணியோடு மல்லாந்திருந்த நான், அந்த நொடியே மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு கேட் பட்டறையின் முன்னால் போய் நின்றுவிட்டேன். அங்கேயும் இதே கூவல், இதே நெடி. என்ன, அங்கே தேய்பட்டது பல் இல்லை, லாரிச் சட்டத்து இரும்பு.

"கடிச்சுப் பாருங்க. மட்டமா இருக்குதா?" என்றார் மருத்துவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு சிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

என்னிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. பின்னால் சாமான் ஏற்றப் பெட்டி கட்டியது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மலைமேல் திருப்புலி நாட்டில் என் மிளகுத் தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மழைக்காலத்தில் அது ஓடை, வெயில் காலத்தில் ஓடை போன தடம். அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து குச்சிக்கிழங்கு மூட்டைகளைத் தார் ரோடு வரை கொண்டுவந்து சேர்ப்பதும் அந்த ஜீப்தான். சேற்றில் சிக்கியவர்களை இழுக்க, நாமே சிக்கினால் இழுபட, முன்னால் உறுதியாக ஒரு பம்பர் வேண்டும், அதில் கொக்கி வேண்டும். இருந்த பம்பரோ, ஓர் ஐப்பசி மழையில் ஓடைக்குள் ஒளிந்திருந்த பாறையில் மோதி அப்பளம் மாதிரி மடங்கிக்கொண்டது. அதைக் கழற்றி எறிந்தபின் வண்டி முன்பல் விழுந்த ஆளைப் போல என்னைப் பார்த்து இளித்தது.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. எதையாவது செய்துபார்க்காமல் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை அரிக்கும். அடிவாரத்துப் பழைய இரும்புக் கடையில், ஆயுள் முடிந்த லாரி ஒன்றின் சட்டத்திலிருந்து வெட்டிய சேனல் துண்டு மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. 'ப' எழுத்து மாதிரி மடிந்த கனத்த இரும்பு. எத்தனை ஊர் உப்பையும் வெங்காயத்தையும் சுமந்ததோ. தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. இதுதான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வெல்டர் என்றால் ஒரே ஒருவர்தான். கேட் செய்கிறவர். சூரியன் உதிக்கிற கேட், மயில் தோகை விரிக்கிற கேட், தாமரைக்கு நடுவில் வீட்டுக்காரரின் இனிஷியல் வைத்த கேட். நாற்பதைத் தொடப்போகிற மனிதர். ஜன்னல் கம்பி, கோழிக்கூண்டு, கோயில் உண்டியலுக்கு இரும்புக் கூடு எல்லாம் செய்திருக்கிறார். வண்டியில் மட்டும் கை வைத்ததில்லை. மலையில் ஜீப் வைத்திருப்பவர்கள் அந்த வேலைக்கெல்லாம் கீழேதான் போவார்கள்.

சேனலை இறக்கியதும் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் மாடு பார்க்கிறவரைப் போல அதன் முதுகைத் தட்டினார்.

"இத எதுக்குங்ணா எங்கிட்டக் கொண்டாந்தீங்க?"

"ஜீப்புக்கு பம்பர் பண்ணணும்."

"மயிலு கியிலு வேணுங்களா?"

"ரெண்டு கொக்கி போதும்."

அவருடைய மனைவி ஒரு சொம்பு மோரோடு வெளியே வந்தார். பட்டறையில் பெயிண்ட் அடிப்பது அவர்தான். நகக்கண்களில் எப்போதும் செம்மண் நிறப் பூச்சு ஒட்டியிருக்கும். "அண்ணா, இவரு திங்கக்கெழம கீழ போறாருங்க. லாரிக்கு பாடி கட்டற பட்டறையில கூப்புட்டிருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு வாட்டிதான் ஊட்டுக்கு வருவாராமா. அதுக்குள்ள முடிப்பாரான்னு கேட்டுக்குங்க."

மலையில் கேட் வேலை வற்றிவிட்டிருந்தது. கேட் வைக்கக்கூடிய வீடுகள் எல்லாம் வைத்தாகிவிட்டது. "ஒரு கேட்டு மாட்டுனா அந்த ஊட்டுப் பக்கம் அப்பறம் போவ வேண்டியதே இல்லீங்ணா. நல்லாப் பண்ணுனதுதான் தப்பாப் போச்சு," என்றார் வெல்டர். சொல்லிவிட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

ஜீப்காரர்கள் அவரிடம் வர ஆரம்பித்தால் அவர் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. வாசலூர்பட்டி படகுத்துறையில் மட்டும் எப்போதும் ஏழெட்டு ஜீப் நிற்கும். ஆனால் வண்டி வேலை தெரிந்தவர் என்ற பெயர் முதலில் வேண்டுமே. அந்தப் பெயர் இந்தத் துருப்பிடித்த இரும்புக்குள் இருந்தது. வெல்டர் அதை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள முடிச்சரலாங்ணா," என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை.

முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பி எதுவும் கூடாது, பழைய பம்பர் இருந்த இடத்தில் அதே அகலத்தில் என்று பேசிக்கொண்டோம். அவர் சாக்கட்டியால் கோடு போட்டார், நான் அழித்தேன், அவர் மறுபடி போட்டார். இரும்பை அறுக்கும்போது தீப்பொறி விசிறியாக எழுந்து என் செருப்பின் மேல் விழுந்து அணைந்தது. எனக்கு வெல்டிங் தெரியாது. பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடிப்பேன், நகரச் சொன்னால் நகர்வேன். கருகிய இரும்பின் நெடியும், பக்கத்துக் காட்டில் யாரோ வேகவைத்த பலாக்கொட்டையின் மணமும் கலந்து மூக்கில் ஏறின. இரண்டும் சேர்ந்தால் பசிக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பம்பரை வண்டிக்குப் பொருத்திப் பார்க்கும் கட்டம். அவர் உள்ளே போய்ப் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துவந்தார். ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், அதற்குள் ஒரு குமிழி. வாழ்நாள் முழுக்க அவர் கேட் மாட்டியது அந்தக் குமிழியின் பேச்சைக் கேட்டுத்தான்.

"கேட்டு ஒரு நூலு சாஞ்சாலும் தானாத் தெறந்துக்குங்ணா. ஆடு உள்ள பூந்து செடியக் கடிச்சிரும். அப்பறம் ஊட்டுக்காரம்மா நம்மளக் கடிப்பாங்க."

இரண்டு ஜாக்கியின் மேல் பம்பரைத் தாங்கவைத்து, அதன் முதுகில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக ஏற்றி இறக்கினார். குமிழி நின்றது. ஆனால் அவர் முகம் மாறிற்று.

"அண்ணா, இங்க வாங்க. உங்க வண்டி கோணைங்க."

"கோணையா?"

"சட்டம் இடப்பக்கம் எறங்கிக் கெடக்குது. மூணு வெரக்கட இருக்கும். பாறையில உட்டீங்கல்ல, அதாங்க."

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். இடது விளக்குக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைந்தது. வலது விளக்கின் கீழே முழுக் கையே நுழைந்தது. பாறையில் மோதிய குற்ற உணர்ச்சி எனக்கு ஏற்கெனவே இருந்ததால் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

"நீங்க பயப்படாதீங்ணா. வண்டி எப்படிப் போனாலும் போவுது, பம்பர நான் நேரா வெச்சிர்றேன்."

"ரசமட்டம் பொய் சொல்லாதுங்க," என்றார் அவர் மனைவி.

மூன்று பேரும் தலையாட்டினோம். வலப்பக்கத் தாங்கித் தகட்டை மூன்று விரற்கடை கூடுதல் நீளமாக வெட்டி, பம்பரின் அந்த முனையைக் கீழே இறக்கிப் பற்றவைத்தார். கசடைத் தட்டி உதிர்த்ததும் உள்ளே வெல்டிங் வரி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக மின்னியது. அவ்வளவு அழகான வரியை நான் பேனாவால்கூட எழுதியதில்லை. சனிக்கிழமை அவர் மனைவி செம்பூச்சும் அதன்மேல் கறுப்பும் அடித்தார். ஞாயிறு காலை, காய்ந்த பம்பரின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினார்.

"தாங்குதான்னு பாக்கறேன்."

"நீ ஒக்காந்தே தாங்கிருச்சுன்னா இனி லாரியே வந்து முட்டலாம்," என்றார் கணவர்.

"நாளைக்குக் கெளம்பறவருக்கு வாயப் பாருங்க."

மத்தியானம் மூன்று பேரும் ஜீப்பில் வாசலூர்பட்டிக்குப் போனோம். ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்பது என் யோசனை. வெல்டர் சலவைச் சட்டை போட்டிருந்தார். துண்டில் சுற்றிய ரசமட்டம் மடியில் இருந்தது. யாராவது கேட்டால் வைத்துக் காட்டலாம் என்று.

ஏரிக்கரையில் வண்டிகள் நிறுத்தும் இடம் சிமெண்ட் போட்டது. நான் ஜீப்பைக் கொண்டுபோய் ஜீப்காரர்களின் டீக்கடைக்கு நேர் எதிரே, கொஞ்சம் ஜம்பமாகவே, நிறுத்தினேன். டம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

"ஏனுங்க," என்றார் அவர்களில் மூத்த ஒரு டிரைவர், "வண்டி ஏன் ஒரு பக்கமாச் சிரிக்குது?"

"வெத்தல போட்டிருக்குமாட்ட இருக்குது," என்றார் இன்னொருவர். "வலது கடவாயில ஒதுக்கி வெச்சிருக்குது."

இறங்கிப் பார்த்தேன். சமதரையில் ஜீப் கம்பீரமாக நேராக நின்றது. அதன் முகத்தில் பம்பர் மட்டும் வலப்பக்கம் இறங்கி, கேலி செய்யும் உதடாக இருந்தது.

வெல்டர் வண்டியிலிருந்து இறங்கிக் குந்தினார். துண்டைப் பிரித்து ரசமட்டத்தை முதலில் சிமெண்ட் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. எடுத்துப் பம்பரில் வைத்தார். குமிழி இடப்பக்கம் ஓடி ஒண்டிக்கொண்டது. இரண்டு முறை அப்படிச் செய்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாசலுங்ணா," என்றார். "நம்ம பட்டற வாசலு."

பட்டறை வாசல் சரிவு. இடப்பக்கம் பள்ளம். கட்டில் காலுக்குக் கல் வைத்துத் தூங்குகிற, சரிவில் உழுது, சரிவில் சமைக்கிற எங்களுக்கு அது சரிவாகவே பட்டதில்லை. வண்டி சாய்ந்து நின்றிருக்கிறது. பம்பரை நாங்கள் வண்டிக்குப் பொருத்தவில்லை, பூமிக்குப் பொருத்தியிருக்கிறோம்.

"பன்னெண்டு வருசமா அந்த வாசலக் கூட்டறேன்," என்றார் அவர் மனைவி. "தண்ணி எந்தப் பக்கம் ஓடுமுன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"நீதான புள்ள ரசமட்டம் பொய் சொல்லாதுன்னே."

"அது எங்க பொய் சொல்லுச்சு?"

ஜீப்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெல்டர் மட்டும் ரசமட்டத்தை மெதுவாகத் துண்டில் சுற்றினார். "நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிர்றேன்," என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அம்மாளும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கரையோரத்தில் கூச்சல் கேட்டது. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்றின் கார், புல் தரை என்று நம்பி ஏரி விளிம்பில் திரும்பப்போய், பின்சக்கரம் இரண்டும் சேற்றில் அச்சு வரை இறங்கியிருந்தது. மூத்த டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தள்ளியெல்லாம் வராது. நம்ம வண்டிக பம்பரு தகரம். இழுத்தா பம்பருதான் கழண்டு வரும்." பிறகு என் ஜீப்பைப் பார்த்தார். "இந்த வெத்தல வாயி தாங்குமா?"

நான் சங்கிலியை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். வெல்டர் முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்து நின்றுகொண்டார். கேட்டில் மயிலுக்குக் கொண்டை சரியாக வந்ததா என்று கவலைப்பட்ட மனிதருக்கு இது புதுவிதமான கவலை.

ரிவர்ஸ் கியர் போட்டு, நாலு சக்கரத்தையும் சேர்த்து, மெல்ல இழுத்தேன். சங்கிலி விறைத்தது. கார் அசையவில்லை. பம்பரிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். வெல்டரின் முதுகு துடித்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். கிளட்சை விட்டு, மறுபடி இழுத்தேன். இஞ்சின் குரலை உயர்த்தியது, டயர் கருகும் வாடை வந்தது, கார் ஒரு பக்கம் குலுங்கி, சேறு சப்பென்று வாய் திறக்க வெளியே வந்தது. காருக்குள்ளிருந்த பாட்டி ஒருவர் முறுக்கு தின்பதை அதுவரை நிறுத்தவில்லை.

மூத்த டிரைவர் பம்பருக்கு முன்னால் குந்தி, வெல்டிங் வரி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவினார். நகத்தால் கீறினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே வெல்டரிடம் திரும்பினார்.

"ஒரு முடி அளவு கூட விரிசல் உடலயே. ஏனுங், எனக்கொண்ணு இந்த மாதிரி பண்ணித் தாரீங்களா? நேரா?"

"நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்தார் வெல்டர்.

"தருவாருங்க," என்றார் அவர் மனைவி. "செவ்வாக்கெழம வண்டியக் கொண்டாங்க. ஆனா வாசல்ல நிறுத்தாதீங்க. எங்க நிறுத்தறதுன்னு நான் வந்து சொல்றேன்."

"அப்ப எனக்கும் சொல்லிருங்க," என்றார் வெற்றிலைக் கேலி செய்தவர். "எனக்குக் கொஞ்சம் இடது கடவாயில ஒதுக்கி வெச்சாப் போதும்."

திரும்பி வரும் வழியில் வெல்டர் லாரிப் பட்டறைக்கு போன் போட்டார். "இல்லீங்க, இங்கயே வண்டி வேல வந்திருச்சுங்க," என்றார். இரண்டாவது தடவை அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பின்னால் பெட்டியில் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கேட்பதற்காக இருக்கலாம்.

பட்டறையில் இறங்கியதும் அவர் கிரைண்டரைத் தேடினார். வலப்பக்கத் தகட்டை அறுத்து நேராக வைத்துவிடுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. அந்தக் கோணலோடுதான் அது காரை இழுத்தது. இனி அதைத் திருத்த எனக்கு மனமில்லை. அவர் கொஞ்ச நேரம் வாதாடினார், பிறகு தோளில் கிடந்த துண்டால் பம்பரின் மேலிருந்த சேற்றைத் துடைத்தார். இடது முனையிலிருந்து இறக்கத்தில் போய் வலது முனை வரைக்கும் துடைத்தார்.

வண்டியை நகர்த்தினேன். அவர் இரண்டு எட்டு கூடவே நடந்து வந்து, ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"யாராச்சும் கேட்டா, பம்பரு நேராத்தான் இருக்குது, வண்டிதான் கோணைன்னு சொல்லிருங்ணா."