சபியா உம்மாவின் ஜின் படங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு, நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி பஸ்மினாவின் அழைப்பு வந்தது. "உம்மா..." என்று தொடங்கினாள். மிச்சத்தை யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள். என் மாமி சபியா உம்மா சமையலறையில் விழுந்து, கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில் அடக்கினோம்.

வந்தவர்கள் மாமியின் பொறுமையைச் சொன்னார்கள். புருஷன் போன பிறகு அரிசி மா வறுத்து விற்று மகளை வளர்த்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. மாமிக்கு இருந்த பேய்ப்படப் பைத்தியத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மையத்து வீட்டில் சொல்லக்கூடிய விஷயமில்லைதான். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஏழு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் வந்தேன். அந்த ஏழு வருடமும் நான் இருக்கும் இடத்தில் மாமி வந்து இருந்ததில்லை. மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை. வெட்கம்தான். ஹோலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கும். "மாப்புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா எண்டு கேளு புள்ள" என்று அதன் பின்னாலிருந்து குரல் வரும். நான் எட்டித் தொடும் தூரத்தில்தான் இருப்பேன். பஸ்மினா அதே கேள்வியை எனக்குத் திருப்பிச் சொல்வாள். என் பதிலைத் திரைக்குத் திருப்பிச் சொல்வாள். சின்ன வயதிலேயே உம்மாவை இழந்தவன் நான். மாமி ஒருநாள் முன்னுக்கு வந்திருந்து என்னோடு கதைக்கவேண்டும் என்பது என் ஆசை. கேட்பதற்கு எனக்கும் வெட்கம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு, எங்கோ தூரதேசத்துப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீடு. ஓயாத மழை. தனியாக ஒரு பெண். அரைமணி நேரமாக ஒரு கதவு திறப்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதுவும் முழுதாகத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

"புள்ள, அந்த மனிசி என்ன சொல்றா எண்டு மாப்புள்ளைக்கிட்ட கேளு."

பஸ்மினா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டுச் சொல்ல ஆளில்லை. படத்தின் கீழே ஓடிய ஆங்கில வரியை நான் தமிழில் வாசித்தேன், டிவியைப் பார்த்தபடி. "யார் அங்கே?" என்றேன். திரைக்குப் பின்னால் "யா அல்லாஹ்!" என்று மிகவும் சந்தோஷமான ஒரு குரல் கேட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் எங்களுக்குப் படம். மாமி திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்ப்பார். இரவில் மாமி பார்க்கமாட்டார். "ராவு அதுகள்ற நேரம், நாம இடஞ்சல் குடுக்கக் கூடா" என்பார். பேய் என்று நான் மொழிபெயர்க்கவும் கூடாது. "மௌத்தானவங்க திரும்பி வாறல்ல. அது ஜின்" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கட்டளை வந்தது. அப்படியே எத்தனையோ வெள்ளைக்காரப் பேய்களை நான் ஜின்னாக மாற்றினேன்.

பக்கத்து வீட்டு முஸ்பிறாவுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. வரிப்பத்தான்சேனையில் வயல் உள்ளவர். ஒருநாள் மாமியோடு திரைக்குப் பின்னால் இருந்து பார்த்துப் பொறுமை இழந்துவிட்டார்.

"என்ன சபியாத்தா, நெல்லு விளையிறதப் பாத்துக்கிட்டு இரிக்கிற மாதிரி இரிக்கி. எப்ப வரும் அது?"

"வந்திட்டா படம் முடிஞ்சி போச்சி."

"வராட்டி என்னத்துக்குப் பாக்குற?"

"வாறன் வாறன் எண்டு சொல்லுதே, அதுக்கு."

முஸ்பிறா விடவில்லை. பிறகு மாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கடல் ஒரு வார்த்த சொல்லாம வந்திச்சி. மீன் வாங்கப் போன மனிசன் திரும்பி வரல்ல. இது பாரு, கதவத் தட்டி, லைட்ட அணைச்சி, சொல்லிச் சொல்லி வருது. எவ்வளவு மரியாத."

அதற்குப் பிறகு முஸ்பிறா பிஸ்கட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

மாமி என்னோடு கதைத்தார் என்று சொல்லமுடியாது. படத்தில் இருப்பவர்களோடு கதைத்தார். "அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க, மேல போகவேணாம் எண்டு" என்பார். "சொல்லிட்டன், கேக்கிறாளில்ல" என்று நான் டிவிக்குச் சொல்வேன். இந்த வழியில் எங்கள் குடும்ப விவகாரங்கள் பலவும் பேசி முடிந்தன. குழம்பில் உப்புக் குறைந்ததைக்கூட ஒரு ஜின் வீட்டுச் சமையற்காரியிடம் நான் முறையிட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமைப் படத்தில் ஒரு வயதான தாய் மேல்மாடியில், மகன் கீழே. வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியவில்லை, படத்தில் வராத வரியை நான் வாசித்தேன்.

"உம்மா, முன்னுக்கு வந்து என்னோட இரிங்க. ஏழு வருசமாப் பாத்துக்கிட்டு இரிக்கன்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பொடியன்ட வாய் மூடித்தானே இரிக்கி?"

"மெதுவாக் கதைக்கான் மாமி."

மறுபடி மௌனம். நல்ல படங்களில்தான் அப்படியொரு மௌனம் வரும்.

"அந்த உம்மா என்ன சொல்றா எண்டு நான் சொல்லட்டா?" என்றார் மாமி. "வாறத்துக்கு விருப்பம்தானாம். வெக்கமாம். வாற சனிக்கிழம பாப்பமாம். கதிரய நடுவுல போடவேணாமாம், சுவரோரமாப் போடட்டாம்."

அப்போது பள்ளியில் அஸர் பாங்கு சொன்னது.

"நிப்பாட்டுங்க மகன், தொழுவம்."

மகன் என்றது என்னைத்தான். படத்தில் அந்த நேரம் யாரும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் மாமிக்காக ஒரு கதிரையைச் சுவரோரமாகப் போட்டேன். அதில் உட்கார்ந்து பார்த்தால் டிவியின் விளிம்புதான் தெரிந்தது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றி மற்றச் சுவரில் பூட்டவேண்டியிருந்தது. நாலு ஆணிகளில் இரண்டைக் கழற்றியிருக்கிறேன்.